மூடாத சவரப் பெட்டி

என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் கொண்டுவந்த தட்டுகளில் ஒன்று மாப்பிள்ளைக்கு உரியது. வேட்டி, சட்டைத் துணி, சீப்பு, கைக்கண்ணாடி, பவுடர் டப்பா, இவற்றுக்கு நடுவில் ஒரு சேவிங் செட். எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைத் தட்டில் சேவிங் செட் வைப்பது வழக்கமாகிவிட்டது. அதைப் பெண்ணின் அண்ணன்தான் வாங்க வேண்டும். தட்டில் இருப்பதெல்லாம் கடையில் பிரித்த புதுசாக இருக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அது தெரிந்த விஷயம். பழையதை வைத்தால், வருகிற மாப்பிள்ளைக்கு இது போதும் என்று சபையில் சொன்ன மாதிரி.

எனக்கு வந்த செட்டின் பெட்டி மூடவில்லை.

மெரூன் நிறத்தில் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே பிரஷுக்கு ஒரு பள்ளம், பிளேடு பொட்டலத்துக்கு ஒரு பள்ளம், ரேசருக்கு ஒரு பள்ளம். பிரஷ் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. ரேசர் உட்காரவில்லை. கைப்பிடி பள்ளத்தைவிட நீளம். அதனால் விளிம்பில் ஏறிச் சாய்ந்து கிடந்தது. மூடியை அழுத்திக் கையை எடுத்தால் மூடி மெல்ல வாயைத் திறக்கும். அது திறந்துகொள்ளாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். புதுப் பெட்டிக்கு எதற்கு ரப்பர் பேண்டு என்று அப்போதே தோன்றியது. மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வி இல்லையே. பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமே இல்லை, சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

அதுவரை நான் ரேசரைத் தொட்டதில்லை. பழங்காநத்தத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு சலூன் இருந்தது, அங்கேதான் போவேன். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு சலூனைப் போல ஒரு சோதனை கிடையாது. சலூன்காரர் கேள்வி மேல் கேள்வி கேட்பார், தாடையில் கத்தி இருக்கும்போது பதில் சொல்லவும் முடியாது. பின்னால் பெஞ்சில் காத்திருப்பவர்கள் எல்லாரும் கண்ணாடியில் என்னையே பார்ப்பது போல இருக்கும். பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் எனக்கு வேர்த்துவிடும்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் ஒரு நாள், கொல்லையில் துணி துவைக்கும் கல்லின் மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு அந்தப் பெட்டியைப் பிரித்தேன். பிளேடை எப்படிப் போடுவது என்று காட்டும் படத் தாள் ஒன்று உள்ளே மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படத்தில் இருந்த ரேசர் குட்டையானது, கைப்பிடியில் சுற்றிச் சுற்றி வரிப்பள்ளம். என் கையில் இருந்ததோ நீளமானது, கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டம், கையில் எடுத்தால் நல்ல கனம். தலைப்பகுதியின் அடியில் இங்கிலாந்தில் செய்தது என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. பெட்டியின் மேலோ டெல்லி விலாசம்.

தாளும் பெட்டியும் ஒரு ஜோடி, ரேசர் வேறு குடும்பம். எனக்குப் பள்ளிக்கூடப் படிப்புதான், அதுவும் பதினொன்றாவதோடு சரி. இதைப் புரிந்துகொள்ள அது போதும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த ரேசர் போல ஒரு பொருளை நான் அதற்கு முன் கையாண்டதில்லை. செம்பில் வெந்நீர் எடுத்துவந்து, துண்டை நனைத்து முகத்தில் கொஞ்ச நேரம் ஒத்திவைப்பேன். பிரஷை நனைத்து சோப்பில் சுற்றி, பிறகு கன்னத்தில் சுற்றுவேன். நுரை காதுவரை ஏறும். ரேசரை அழுத்தவே வேண்டாம். சரியான சாய்வில் வைத்துவிட்டால் தன் கனத்தாலேயே அது இறங்கும். நான் செல்லூரில் ஒரு நூல் கடையில் எடை போட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். கட்டிலிருந்து ஒரு நூல் சிட்டத்தை உருவும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வரும். பிளேடு கன்னத்தில் இறங்கும்போது அதே சத்தம். கழுவிவிட்டுத் தடவினால் என் முகம் என்னுடையது போலவே இருக்காது. கடைசியில் படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் லேசாகக் கடிக்கும். அந்தக் கடி எனக்குப் பிடித்துப்போனது. கேள்வி கேட்க ஆள் இல்லை, பெஞ்சில் பார்க்க ஆள் இல்லை. செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் முகம் வழிக்க ஆரம்பித்தேன். அம்மா அதட்டுவாள், “தெனமும் வழிச்சா தோலு என்னத்துக்காகும்” என்று.

ஒரு தடவை ரேசரை முழுசாகக் கழற்றிக் கழுவினேன். கைப்பிடியின் உள்ளே மரை இருக்கிறதல்லவா, அதன் அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ இறுகிக் கிடந்தது. ஊக்கின் முனையால் சுரண்டினேன். காய்ந்துபோன சோப்பு. என் சோப்பு வெள்ளை. நான் பழக ஆரம்பித்தே சில வாரம்தான், அதற்குள் இப்படிக் கல்லாக இறுகியிருக்காது. இந்த ரேசர் எனக்கு முன்னால் இன்னொரு ஆணின் முகத்தில் ஓடியிருக்கிறது. அது யார்?

அன்றிலிருந்து என் மைத்துனரைக் கவனிக்க ஆரம்பித்தேன். என் மனைவிக்கு மூத்தவர், ஒரே அண்ணன். பசுமலையில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை. ஊர் மேற்கே, செக்கானூரணியைத் தாண்டி. லீவு கிடைத்து ஊருக்குப் போகும்போதெல்லாம் பழங்காநத்தத்தில் இறங்கி, எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போவார். வந்து உட்கார்ந்ததும் தங்கச்சியைப் பார்க்க மாட்டார். என் முகத்தைப் பார்ப்பார். கன்னம், தாடை, காதோரம் என்று கண் ஒரு சுற்று சுற்றிவரும். பிறகு கேட்பார்.

“ரேசர் எப்படி இருக்கு மாப்ள? இழுக்குதா?”

“இல்ல மச்சான். நல்லாத்தான் இருக்கு.”

“வெட்டு கிட்டு ஒண்ணும் விழுகலையே?”

“இல்ல.”

“அது போதும்,” என்று சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார். வேட்டியைப் பற்றிக் கேட்டதில்லை, சட்டைத் துணியைப் பற்றிக் கேட்டதில்லை. கொடுத்த சீரில் ரேசரைப் பற்றி மட்டும் விசாரிக்கிற ஆள் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. இன்னொன்று, அவர் முகத்தில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். ஒரு தடவை உதட்டுக்கு மேலே, ஒரு தடவை தாடையில், ஒரு தடவை கழுத்தில் ஒரு கீறல். கை நடுங்குகிறது, இந்த ஆளுக்குக் குடி உண்டு போல என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்காரும்போது மூச்சை இழுத்து மோந்துகூடப் பார்த்தேன். வெங்காய வாசம்தான் வந்தது. சமையல்காரர் என்றால் வெங்காயத்தால் எதையும் மறைத்துவிடலாமே என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். சந்தேகம் வந்துவிட்டால் நாம் நினைப்பதற்கு ஏற்றபடிதான் எல்லாமே தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் நூல் கடையில் அந்தப் பேச்சு வந்தது. என்னோடு மூட்டை கட்டுகிறவர் ஒருவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாய் ஓயாத ஆள். முதலாளியைத் தவிர எல்லாரையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன மாப்ள, கல்யாணம் ஆனதுலருந்து மூஞ்சி கண்ணாடியா இருக்கு. சலூனையே வீட்டுக்குக் கூட்டியாந்துட்டியா?”

“சீர்ல வந்த ரேசருண்ணே.”

“அம்புட்டு வசதியான இடமா? பொண்ணு எந்த ஊருன்ன?”

ஊரைச் சொன்னேன். வீட்டு அடையாளத்தையும் கேட்டார், சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்ணங்காரன் பசுமலையில சமைக்கிறானே, அந்த வீடா?”

“ஆமா. தெரியுமா?”

“எங்க அக்காவக் குடுத்தது பக்கத்து ஊருதான். அந்தப் பிள்ளைக்கு முந்தியே ஒரு கண்டக்டரப் பேசுனாகல்ல. சீருகூட வாங்கி வச்சுட்டதாக் கேள்வி. அப்புறம் என்னமோ, நின்னு போச்சு.” என் முகம் எப்படி மாறியதோ, அவசரமாகக் கயிற்றை இழுத்துக் கட்டினார். “எனக்கென்ன தெரியும் மாப்ள. காதுல விழுந்தது. நீ மனசுல வைக்காத.”

நான் அதை மனதில் மட்டும்தான் வைத்தேன். அன்றைக்கு எடை போடும்போது தராசு முள் எங்கே நிற்கிறது என்று இரண்டு இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

எல்லாம் சேர்ந்துகொண்டது. கண்டக்டருக்குச் சீர் வாங்கியிருக்கிறார்கள். அவன் ரேசரைப் பயன்படுத்திவிட்டுக் கல்யாணம் நின்றதும் திருப்பிக் கொடுத்திருக்கிறான். பெட்டியை அவன் தொலைத்திருப்பான். கடையில் வேறு பெட்டி வாங்கி, அதில் அவன் ரேசரைப் போட்டு, ரப்பர் பேண்டால் கட்டி எனக்குக் கொடுத்துவிட்டார்கள். ரேசரைப் பயன்படுத்துகிற அளவுக்குப் போயிருக்கிறது என்றால், பேச்சோடு நின்ற சம்பந்தம் இல்லை அது. இதைச் சொல்லாமல் அந்த வீட்டில் ஏன் மறைத்தார்கள்? அவளும் ஏன் மறைத்தாள்? மறைத்தவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

அவளை வேவு பார்க்க ஆரம்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எதையும் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் இல்லை. முகம் வழிக்கும்போது கண்ணாடியைச் சற்றுத் திருப்பி வைத்தால் அடுப்படி வாசல் தெரியும். அவள் அரிசி களைவதையும் விறகை உள்ளே தள்ளுவதையும் நுரைக்கு மேலே இரண்டு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் நிமிர்ந்தால் நான் தாடையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் கடைக்கு நேரமாகிவிட்டது என்று ரேசரைக் கழுவாமல் கல்லின் மேலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அவள் அதைக் கையில் எடுத்திருந்தாள். கைப்பிடியைத் திருகி, தலையைப் பிரித்து, பிளேடை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்து, தண்ணீரில் அலசி, ஈரம் போக உதறிவிட்டுத் திரும்பப் பூட்டினாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அப்பா இல்லாத வீடு அது, அவள் சின்னவளாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். அண்ணன் வாரத்தில் ஆறு நாள் பசுமலையில். பிறகு இந்தக் கைக்கு இது எப்படிப் பழகியது?

“ஒனக்கு இதக் கழட்டத் தெரியுமா?” என்றேன்.

அவள் சிரித்தாள். “இத எனக்கு...” என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “என்ன பெரிய வித்தையா, திருகுனா வருது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் உள்ளே போனதும் மரையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம், ஐப்பசியில் தீபாவளி. தலைத்தீபாவளிக்கு அழைக்க மைத்துனர் நேரில் வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி, சேலை. தாடையில் புதிதாக ஒரு காயம், அதன் மேல் படிகாரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

“மொத நா சாயங்காலமே வந்துருங்க மாப்ள. அம்மா இப்பவே முறுக்குக்கு மாவு இடிச்சுட்டாக.”

“பாப்போம் மச்சான். கடையில வேல அதிகம்.”

அவருக்கு முகம் செத்துப்போனது. தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளை வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண்ணை வைத்து வாழ விருப்பமில்லை என்று அவன் தெருவில் நின்று சொன்னது போல. அதன் பிறகு பெண்ணின் அம்மா குழாயடிக்குத் தலை நிமிர்ந்து போக முடியாது. என் அம்மா என்னை முறைத்தாள். மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அவர் போன பிறகும் வரவில்லை.

நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். போவது, அங்கே வைத்து விஷயத்தை வாங்குவது. கண்டக்டர் சங்கதி உண்மை, என்னிடம் மறைத்தார்கள் என்று தெரிந்தால், தீபாவளி அன்றைக்கே நான் மட்டும் பஸ் ஏறித் திரும்பிவிடுவது. அதற்குமேல் என்ன என்று யோசிக்கவில்லை. ஆனால் தனியாக ஏறுகிற அந்த பஸ்ஸை மட்டும் மனதுக்குள் நிறையத் தடவை பார்த்துவிட்டேன்.

கிளம்பும்போது ரேசரை வேண்டுமென்றே பரணில் வைத்துவிட்டுப் போனேன். கேட்டு வாங்கத் தெரியாத ஆள் நான், கேட்டே ஆகவேண்டிய நிலைமையை உண்டாக்கிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். வீட்டு முன்னால் தண்ணீர் தெளித்து, கூடத்தில் புதுப்பாய் விரித்திருந்தார்கள். மறுநாள் விடியுமுன்னால் எண்ணெய்க் குளியல், புதுத்துணி. முகம் வழிப்பதானால் வெளிச்சம் இருக்கும்போதே வழித்துவிட வேண்டும். காப்பியைக் குடித்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தேன்.

“மச்சான், ரேசர எடுத்துட்டு வர மறந்துட்டேன். உங்களோடதக் குடுங்க.”

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “என்னோடதா? நான் எங்க மாப்ள... நான் சலூன்லதான். வாங்க, செக்கானூரணிக்கு சைக்கிள்ல போயிட்டு வந்துருவம்.”

என் அத்தை, அதாவது மாமியார், முறுக்குச் சட்டியிலிருந்து தலையைத் திருப்பினார். “எவன்டா இவன், என்னிக்குடா நீ சலூனுக்குப் போன? மாடக்குழியில இருக்குல்ல, எடுத்துக் குடு. மாப்ள கேக்குறாருல்ல.”

“அது சரியில்லம்மா.”

“சரியில்லாமத்தான் வரும்போதெல்லாம் ரத்தக் களரியா நிக்கிறியா? எடுத்துக் குடுடா.”

அவர் நகரவில்லை. நானே எழுந்து போய் மாடக்குழியில் கைவிட்டு எடுத்தேன். குட்டை ரேசர். கைப்பிடியில் சுற்றிச் சுற்றி வரிப்பள்ளம். கையில் கனமே இல்லை. படத் தாளில் இருந்த அதே ரேசர். என் பெட்டியின் பள்ளத்துக்கு இதுதான் அளவு என்று அளந்து பார்க்காமலே தெரிந்தது.

கண்டக்டரும் பெட்டியும் நான் கட்டி வைத்த கணக்கும் இதற்குள் எங்கே பொருந்துகிறது என்று புரியவில்லை. யாரையும் பார்க்காமல் கொல்லைக்குப் போய், கண்ணாடியைத் தொட்டி விளிம்பில் வைத்து நுரை போட்டேன். மைத்துனர் பின்னாலேயே வந்தார்.

“வேணாம் மாப்ள. சொன்னாக் கேளுங்க.”

நான் கேட்கவில்லை. வைத்தேன். என் ரேசரின் பழக்கத்தில் கையை லேசாக விட்டேன். அது இறங்கவில்லை, கவ்வியது. முடியைப் பிடித்து இழுத்து, விட்டுவிட்டு, தாவி, தாடையில் குறுக்காக ஒரு கோடு போட்டது. நுரை சிவப்பாகியது. கழற்றிப் பார்த்தால் மேல்தகடு கோணல். பிளேடு ஒரு பக்கம் உள்ளே பதுங்கியும் மறுபக்கம் நீட்டிக்கொண்டும் இருந்தது. எவ்வளவு திருகினாலும் நேராகவில்லை.

என் மனைவி காப்பித்தூள் டப்பாவோடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். “அண்ணே, இன்னுமா இத வச்சிருக்க? தூக்கி எறின்னு அன்னிக்கே சொன்னேன்ல.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தாடையைப் பிடித்துக்கொண்டே நான் கேட்டேன். “இதுதான மச்சான் என் பெட்டிக்குள்ள இருக்க வேண்டியது?”

உள்ளே முறுக்குச் சட்டியில் எண்ணெய் இரைந்துகொண்டிருந்தது. அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அம்மாவுக்குத் தெரியாது மாப்ள. சத்தம் போடாதீக. புதுசாத்தான் வாங்குனேன், டவுன்ல. நம்ம மாப்ள மூஞ்சியில போடப் போறதாச்சே, ஒரு தடவ நாம போட்டுப் பாப்பம்னு முகூர்த்தத்துக்கு மொத நா போட்டுப் பாத்தேன். இந்தா.” காதுக்குக் கீழே தலைமுடியை ஒதுக்கிக் காட்டினார். வெள்ளையாக ஒரு தழும்பு. “எம்புட்டு நீளம் இழுத்துருச்சு பாருங்க. இத எப்படி உங்க கையில குடுக்க? தாலி கட்டுன மறுநா காலையில நீங்க வழிச்சு, இப்படி ரத்தம் வந்து நின்னா, என் தங்கச்சி ராசியத்தான குத்தம் சொல்வாக?”

“கடையில மாத்திருக்கலாமே.”

“ரத்தம் பட்டத எந்தக் கடைக்காரன் வாங்குவான்? அன்னிக்கு ஞாயித்துக்கெழம வேற. வேற வாங்கக் கடை இல்ல. என்கிட்ட நல்லது ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. பசுமலையில எங்க வெள்ளக்கார வாத்தியாரு ஊருக்குப் போகும்போது, நீ சமைச்சது நல்லா இருந்துச்சுன்னு கையில குடுத்துட்டுப் போனாரு. அத எடுத்து, புளி போட்டு வெளக்கி, சாம்பல் போட்டுத் தேச்சு, பெட்டியில வச்சேன். பெட்டிதான் மூடல.”

“மரைக்குள்ள வெளக்கல,” என்றேன்.

“வெளக்கலையா?” என்று அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். “அதுல கை நொழையாதே மாப்ள. லீவுக்கு வரும்போதெல்லாம் இவதான கழுவி வைப்பா. ஏம்மா, மரைய ஒழுங்காக் கழுவலையா நீ?”

“நீ கழுவுறியா, இப்பச் சொல்ற,” என்றாள் அவள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “தட்டுல பாத்தப்பவே எனக்கு அண்ணனோடதுன்னு தெரிஞ்சு போச்சு. அன்னிக்கே கேட்டேன், நடந்ததச் சொல்லுச்சு. பழசச் சீரா வச்சுட்டாகன்னு உங்க அம்மா காதுல விழுந்தா என்ன ஆகும்? அதான் வாயத் தொறக்கல.”

அவர் உள்ளே போனார். அவள் என் தாடையில் காப்பித்தூளை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தாள். இதற்குமேல் ஒத்திப்போட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

“கண்டக்டர் ஒருத்தரு...” என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அவள் கை அப்படியே நின்றது. “யாரு சொன்னா?”

“கடையில.”

“வந்து பாத்தாக. காப்பி குடிச்சாக. டவுன்ல வீடு வேணும்னு கேட்டாக. எங்கண்ணே முடியாதுன்னுருச்சு. அம்புட்டுத்தான்.”

“சீரெல்லாம் வாங்குனதா...”

“பூவே வைக்கல, சீருக்கு எங்க போக? இத நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எங்கம்மா உங்கம்மாகிட்டச் சொல்லியாச்சு. அவுக உங்ககிட்டச் சொல்லலையா?”

என்னிடம் யார் எதைச் சொல்கிறார்கள். பேசாத ஆளுக்குச் செய்தி வந்து சேராது.

அவள் என்னையே பார்த்தாள். ரேசரும் கண்டக்டரும் அவள் மனதில் ஒன்றாகச் சேர்வதை என்னால் பார்க்க முடிந்தது.

“அப்ப இம்புட்டு நாளா கண்ணாடியத் திருப்பி வச்சு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தது அதுக்குத்தானா?”

தொட்டி விளிம்பில் இருந்த கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தேன்.

“நான் வேற நெனச்சு, தெனமும் பூ வச்சுக்கிட்டு அடுப்படியில நின்னேன்,” என்றாள். காப்பித்தூள் டப்பாவை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று இரவு முழுதும் அவள் என்னோடு பேசவில்லை. மறுநாள் எண்ணெய் தேய்த்துவிட வந்தபோதுதான், காயத்தில் படாமல் விரலை ஒதுக்கிக்கொண்டே, “தலையக் குனிங்க,” என்றாள். நான் தனியாக பஸ் ஏறவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் தாடையைக் காட்டி விசாரித்தபோதெல்லாம், “வெளிச்சம் பத்தல, என் கைதான் தவறிருச்சு,” என்று சொன்னேன். மைத்துனர் ஒவ்வொரு தடவையும் வந்தவர்களுக்கு முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தார். கனமான ரேசரைத் திருப்பித் தருகிறேன் என்று அவரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். “சீராக் குடுத்தது குடுத்ததுதான் மாப்ள,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கோணல் ரேசரை மட்டும், இனி அவர் கையில் இருக்கக்கூடாது என்று என் பையில் போட்டுக்கொண்டேன்.

பழங்காநத்தத்துக்குத் திரும்பியதும் என் அம்மா தாடையைத்தான் முதலில் பார்த்தாள். “அங்க என்ன சண்ட?” என்றாள். சண்டையே இல்லை என்றேன். “பின்ன எப்படி இம்புட்டு நீளம்? நல்லா வழிக்கிற ரேசர்னு தெனமும் பீத்துவியே.” ரேசரைக் கொண்டுபோகவில்லை என்றால் ஏன் கொண்டுபோகவில்லை என்பாள், யாருடையதை வாங்கினாய் என்பாள். அது எங்கே போய் முடியும் என்று எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. என் மைத்துனர் என்னை அடித்துவிட்டார் என்று அம்மா கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தாள். அவர் வந்தால் காப்பியில் சர்க்கரையைக் குறைத்துத்தான் போடுவாள்.

கோணல் ரேசரைப் பெட்டியில் வைத்தேன். பள்ளத்தில் கச்சிதமாக இறங்கியது. முதல் தடவையாக மூடி மூடியது.

தைப் பொங்கலுக்கு மைத்துனருக்கு நான் ஒரு ரேசர் வாங்கிக்கொடுத்தேன். வாங்கியதும் நேராகக் கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. முதலில் என் முகத்தில் போட்டுப் பார்த்தேன். வெட்டவில்லை. கழுவித் துடைத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, பேசிக்கொண்டே கைப்பிடியைக் கழற்றினார். மரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பப் பூட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது, எண்பதுகள் முடியப்போகிற நேரத்தில், புதுப்புது ரேசர்கள் வந்துவிட்டன. அடிப்பக்கத்தைத் திருகினால் தலை இரண்டு கதவு போலத் திறந்துகொள்ளும் ஒன்றைப் போன மாதம் வாங்கினேன். பிளேடைக் கழற்றிப் போட வசதி, வழவழப்பாகவும் இருக்கிறது. நன்றாகத்தான் வழிக்கிறது, ஆனால் அந்தக் கனம் இல்லை. கையால் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கிறது. வாரத்தில் பாதி நாள் அது, பாதி நாள் வெள்ளைக்கார வாத்தியாருடையது.

வாங்கிவந்த அன்றைக்குக் கொல்லையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டியைப் பிரித்து, ரேசரை எடுத்து, படத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். அடுப்படியிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் கேட்டாள்.

“என்ன, பெட்டி மூடுதா?”